போல்ட் வழியே ஏறி வந்த சத்தம்

முதலில் அந்தத் தண்ணீர்க் குவளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மோட்டார்ஹோம், அதாவது கட்டிலும் சமையல் மேடையுமாக வீடு மாதிரி இருக்கும் வண்டி, வாங்கி இரண்டாவது வாரம். ராத்திரி புழுக்கம் தாங்காமல் ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்தோம். தூக்கம் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், மேடை மேல் இருந்த குவளைக்குள் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கி ஜெனரேட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சத்தம் இருந்தது, ஆனால் உள்ளே படுத்திருந்தபோது மண்டையைக் குடைந்த மாதிரி இல்லை. இயந்திரத்தை ஒட்டி நின்றால் பொறுத்துக்கொள்ள முடிகிறது, நாலைந்து மீட்டர் தள்ளி மெத்தையில் படுத்தால் முடியவில்லை. இது ஏன் என்று அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு மூன்று வார இறுதிகளும் நாலு டப்பா பசையும் மிச்சம். யோசிக்கவில்லை. மறுநாளே ஃபோம் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் வண்டியில் இருப்பது ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் ஜெனரேட்டர். நான்கு ஸ்ட்ரோக், காற்றால் குளிர்வது, நிமிடத்துக்கு 3000 சுற்று. வண்டியின் வயிற்றுப் பகுதியில் பக்கவாட்டாக ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் இரண்டு துருவ ஜெனரேட்டர் (உள்ளே சுழலும் காந்தத்துக்கு ஒரு வடதுருவம், ஒரு தென்துருவம்) என்றால் 3000 சுற்றில் ஓடித்தான் ஆக வேண்டும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 3600. ஏசியே ஓடினாலும் சரி, ஒரு போன் மட்டும் சார்ஜ் ஆனாலும் சரி, அதே வேகம்தான். நான்கு துருவ ஜெனரேட்டருக்குப் பாதி வேகம் போதும், சத்தமும் குறையும், ஆனால் அதே மின்சாரத்துக்கு இயந்திரம் பெரிதாகிவிடும். வண்டியோடு வந்தது இதுதான், இதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்று முடிவு.

சரி, ஃபோம் கதைக்கு வருகிறேன். முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமாக இருக்கும் 25 மில்லிமீட்டர் ஃபோமைப் பெட்டியின் உள்சுவர் முழுக்க ஒட்டினேன். ஒட்டி முடித்து இயந்திரத்தை ஓடவிட்டு, போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து, மெத்தை மேல் வைத்தேன். முன்பு 61 காட்டியது இப்போது 59. எனக்கோ ஒரே சந்தோஷம். மனைவி ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலங்க" என்றாள். போன் குறைந்திருக்கிறது என்கிறதே என்று நான் வாதாடினேன். இரண்டாவது வாரம் இன்னொரு அடுக்கு ஒட்டினேன். இன்னும் ஒரு டெசிபல் குறைந்தது. குவளையில் தண்ணீர் மட்டும் பழையபடியே நடுங்கிக்கொண்டிருந்தது.

மனைவியும் போனும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு மூன்று டெசிபல் என்பது காது உன்னிப்பாகக் கவனித்தால்தான் பிடிபடும் அளவு. சத்தம் பாதியாகிவிட்டது என்று மனிதக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். அது ஒரு பக்கம். பெரிய ஏமாற்று வேறு இடத்தில் இருந்தது. இந்த ஆப்கள் பெரும்பாலும் காட்டுவது 'ஏ' எடையிட்ட டெசிபல். தாழ்ந்த சுருதி ஒலிகளை நம் காது குறைவாகக் கேட்கிறது என்பதால் அவற்றை இந்தக் கணக்கு வெட்டிவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும், 25 ஹெர்ட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 45. என் ஜெனரேட்டர் 3000 சுற்றில் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 50 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பு, அது நொடிக்கு 25. எங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த 'ம்ம்ம்' இருப்பதே 25க்கும் 50க்கும்தான். நான் பார்த்துக்கொண்டிருந்த அளவுகோலோ அந்த இரண்டையும் கண்டுகொள்ளாமல் விடுவதற்காகவே செய்யப்பட்டது. ஆப்பில் 'சி' எடை என்று ஒன்று இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள், அது தாழ்ந்த ஒலிகளை ரொம்ப வெட்டாது. போன் மைக்குகளே தாழ்ந்த ஒலியைச் சரியாக வாங்காது என்பதால் அந்த எண்ணையும் முழுசாக நம்ப வேண்டாம், முன்னே பின்னே ஒப்பிட மட்டும் உதவும். இரண்டு எண்களுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால், உங்கள் பிரச்சினை ஃபோமால் தீரப்போவதில்லை.

ஏன் தீராது என்பதற்குக் கணக்கு எளிது. ஃபோம் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் தடிமன் அந்த ஒலியின் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை மூன்றரை மீட்டர் நீளம், நாலில் ஒரு பங்கு என்றால் 86 சென்டிமீட்டர். பெட்டியின் அகலமே அவ்வளவு இல்லை! நான் ஒட்டிய ஃபோம் வால்வுகளின் கடகடப்பையும் விசிறியின் சீறலையும் மட்டும் கொஞ்சம் தின்றது.

மூன்றாவது வாரம் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நடுமதியம், ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது பட்டென்று அணைந்தது. பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. இந்தச் சின்ன இயந்திரங்களில் பெட்ரோலின் சக்தியில் கால் பங்கு மின்சாரமாக வந்தாலே பெரிய விஷயம், மீதி முழுக்க வெப்பம். 2 கிலோவாட் மின்சாரம் வாங்கினால் குறைந்தது 6 கிலோவாட் வெப்பத்தை யாராவது வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். புகையோடு ஒரு பங்கு போய்விடும், மற்றதை விசிறி இழுக்கும் காற்றுதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் இரண்டு அடுக்கு ஃபோம் ஒட்டிக் காற்று வரும் வழியைச் சுருக்கியிருந்தேன். போதாததற்கு, சத்தம் வெளியே போகிறதே என்று கீழே இருந்த திறப்பில் பாதியை மறைத்தும் வைத்திருந்தேன். வெளியேறிய சூடான காற்றே சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைந்திருக்கிறது. ஃபோமில் ஓர் ஓரம் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய்ப் புகைக்குழாயைத் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. தீப்பிடிக்கவில்லை. அதற்கு என் சாமர்த்தியம் எதுவும் காரணமில்லை.

அன்று மாலை நண்பர் ஒருவருக்குப் போன் செய்தேன். கப்பலில் எஞ்சின் அறையில் பல வருடம் வேலை பார்த்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, சத்தத்துக்கு ரெண்டு வழி. காத்து ஒண்ணு, இரும்பு ஒண்ணு. நீ காத்தை மட்டும் அடைச்சிட்டு உக்காந்திருக்க. முதல்ல அது எந்த வழியா வருதுன்னு பாரு, அப்புறம் காசைச் செலவு பண்ணு." எப்படிப் பார்ப்பது அண்ணே என்று கேட்டேன். வண்டியை விட்டு இயந்திரத்தைப் பிரித்துவிட்டு ஓட்டிப் பார் என்றார்.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான். பெட்டிக்கு நேர் கீழே தரையில் ஒரு டிராலி ஜாக்கி, அதன் மேல் பலகை, பலகை மேல் அரைகுறையாகக் காற்றடித்த ஒரு டியூப். ஜாக்கியை ஏற்றி ஜெனரேட்டரின் எடையை டியூப் தாங்கும்படி செய்துவிட்டு, அதை வண்டியோடு பிடித்திருக்கும் தாங்கிகளின், அதாவது மவுண்டுகளின், நான்கு போல்ட்டுகளையும் கழற்றினேன். இயந்திரம் அதே பெட்டிக்குள் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் வண்டியை எங்கேயும் தொடவில்லை. புகைக்குழாயைப் பிடித்திருந்த கிளாம்பையும் விடுவித்து, குழாயின் வாய் வண்டிக்கு வெளியே நன்றாக நீட்டியிருக்கும்படி ஒரு கட்டையில் சாய்த்தேன். பெட்ரோல் ஹோஸும் வயர்களும் தளர்வாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறது என்று உறுதி செய்த பிறகு, மனைவி உள்ளே, நான் வெளியே, மூன்று நிமிடம் ஓட்டம்.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓடுதா?" என்று கேட்டாள்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃபோமை எல்லாம் நான் ஏற்கெனவே பிய்த்து எறிந்திருந்தேன், ஆகையால் வெளியே சத்தம் முன்பைவிடக் கூடுதல்கூட. உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். எங்கோ தூரத்தில் யாரோ தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி இருந்தது. குவளைத் தண்ணீர் அசையவில்லை. அப்படியானால் எங்களைப் பாடாய்ப் படுத்தியதில் பெரும் பங்கு காற்று வழியே வந்ததே இல்லை. நான்கு போல்ட் வழியாக வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஏறி, தரைப் பலகையையும் சுவர்த் தகடுகளையும் பிடித்து ஆட்டி, அந்தத் தகடுகள் ஒலிபெருக்கி மாதிரி எங்கள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தன. வெளியே நின்றால் குறைவு, உள்ளே படுத்தால் அதிகம் என்ற புதிருக்கு விடை இவ்வளவுதான்.

ஆனால் போல்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ரப்பர் மவுண்ட் இருந்ததே, அது என்ன செய்துகொண்டிருந்தது? இங்கேதான் எனக்கு இருந்த தப்பான நம்பிக்கை ஒன்று உடைந்தது. நடுவில் ரப்பர் இருந்தாலே அதிர்வு குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் எடைக்கு அதற்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பது போல. இயந்திரத்தின் அதிர்வு அந்த வேகத்தைப் போல 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் ரப்பர் தடுக்கவே ஆரம்பிக்கும், மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால் நன்றாகத் தடுக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ரப்பர் அதிர்வைக் குறைக்காது, கூட்டிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல.

இதை அளக்க ஒரு ஸ்கேல் போதும். ரப்பர் தனியாக இருக்கும்போது எவ்வளவு உயரம், எடை ஏறியதும் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வித்தியாசத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் ஆட்ட வேகம் ஹெர்ட்ஸில் ஏறத்தாழ வந்துவிடும். ரப்பரின் குணத்தால் உண்மை வேகம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். என் பழைய மவுண்டுகள் சூட்டிலும் எண்ணெயிலும் வருடக்கணக்கில் கிடந்து கட்டையாகிப்போனவை. அவ்வளவு எடைக்கும் அரை மில்லிமீட்டர்தான் அமுங்கியிருந்தன. கணக்குப் போட்டால் 22 ஹெர்ட்ஸ். வெடிப்போ நொடிக்கு 25. இதைவிட மோசமான பொருத்தத்தைத் தேடிப் பிடித்தாலும் கிடைக்காது. வெறும் போல்ட்டை இறுக்கியிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் போல. புதிதாக நான் போட்டவை 3 மில்லிமீட்டர் அமுங்குகின்றன, கணக்குப்படி 9 ஹெர்ட்ஸ். 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஆறில் ஒரு பங்குதான் தாண்டிப் போகும், 50 ஹெர்ட்ஸில் இன்னும் ரொம்பக் குறைவு.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஜெனரேட்டரின் எடை நான்கு மூலைகளிலும் சமமாக இருக்காது. எஞ்சின் பக்கம் ஒரு மாதிரி, மின்சாரச் சுருள் பக்கம் இன்னொரு மாதிரி. நான்கும் ஒரே மவுண்ட் போட்டால் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் கட்டையாக நிற்கும். ஒவ்வொரு மூலையையும் தராசில் வைத்து எடை பார்த்து அதற்கேற்ற மவுண்ட் எடுத்தேன், சிரமம்தான், ஆனால் பலன் தெரிந்தது. இன்னொன்று உயிர் விஷயம். இது வீட்டில் நிற்கும் ஜெனரேட்டர் இல்லை, சாலையில் குழியில் விழுந்து எழும் வண்டிக்கு அடியில் தொங்குவது. ரப்பர் கிழிந்தாலும் இரும்பு இரும்பைக் கவ்விக்கொண்டு இயந்திரத்தை விழாமல் பிடிக்கும் வகை மவுண்ட் உண்டு. அதைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

புது மவுண்ட் போட்டு, எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, ஆசையாக உள்ளே போய்ப் படுத்தேன். குறைந்திருந்தது. ஆனால் டியூப் மேல் ஓடிய அன்றைக்கு இருந்த அமைதி இல்லை. பாதி சத்தம் திரும்பி வந்துவிட்டது.

மறுபடி அண்ணனுக்குப் போன். "எங்கயோ தொடுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒரு காகிதத் துண்டை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டரைச் சுற்றி எல்லா இடுக்கிலும் நுழைத்துப் பார்த்தேன், காகிதம் போகாத இடம் தொடுகிற இடம். மூன்று அகப்பட்டன. முதலாவது, எண்ணெய் வடிக்கும் குழாயின் முனை பெட்டியின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டாவது, பேட்டரி வயர் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது, தடித்த வயர் விறைப்பாக இருந்தால் அதுவும் ஒரு கம்பிதான். அதை ஒரு சுற்று தளர்வாக விட்டதும் சரியாயிற்று. மூன்றாவதுதான் பெரிய குற்றவாளி: புகைக்குழாய் கிளாம்ப். சைலன்சரைச் சேஸிஸோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது, நடுவில் ரப்பரும் கிடையாது, வளையும் குழாயும் கிடையாது. நான்கு போல்ட்டிலும் ரப்பர் போட்டு, ஐந்தாவது வழியாக ராஜபாட்டை திறந்து வைத்திருந்தேன். சைலன்சருக்கு ஜெனரேட்டரின் சட்டத்திலேயே பிடிமானம் கொடுத்தேன், அதற்குப் பிறகு ஒரு சாண் நீளத்துக்கு வளைந்து கொடுக்கும் இரும்புக் குழாய், மீதிக் குழாய் ரப்பர் தொங்கலில் வண்டியோடு. அன்றிரவு குவளை அசையவில்லை. மென்மையான மவுண்ட் போட்டால் இயந்திரத்தைக் கிளப்பும்போதும் அணைக்கும்போதும் ஒரு குலுக்கு குலுக்கும், சுற்றிலும் ஒரு விரல் அகலமாவது இடம் விட வேண்டும். நான் அதையும் ஒருமுறை மறந்து, 'டமால்' என்று ஒரு சத்தம் கேட்டுக் கற்றுக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான் காற்று வழி. இப்போது ஃபோமுக்கும் மரியாதை வந்தது, ஏனென்றால் மிச்சம் இருந்தது அது தின்னக்கூடிய சத்தம். ஆனால் முதலில் ஓட்டைகள். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற பகுதி காரீயத்தால் ஆனதாக இருந்தாலும் அந்தச் சுவர் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஒரு சதுர மீட்டர் சுவருக்கு நூற்றில் ஒரு பங்கு என்பது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஓட்டை. எங்கள் கட்டிலுக்குக் கீழே வயரும் குழாயும் போவதற்காகப் போட்ட துளைகளைக் கூட்டினால் அதைவிட அதிகம் வரும். ராத்திரி பெட்டிக்குள் டார்ச்சைப் போட்டுவிட்டு உள்ளே விளக்கை அணைத்துப் பார்த்தேன், தரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிச்சம். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தமும் வரும், புகையும் வரும். சூடு தாங்கும் சீலன்ட் வைத்து அத்தனையையும் அடைத்தேன். சத்தத்துக்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது எடை. காற்று வழி வரும் ஒலியைத் தடுப்பது கனம், மெத்தென்று இருப்பதல்ல. ஒரு தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். பெட்டியின் மேல்பக்கத்திலும் வண்டித் தரையின் அடிப்பக்கத்திலும் சதுர மீட்டருக்கு 5 கிலோ வரும் கனமான வினைல் ஷீட் போட்டேன். வண்டியின் மொத்த எடைக்கு வரம்பு உண்டு என்பதால் கண்ட இடத்திலும் போட முடியாது, இயந்திரத்துக்கு நேர் மேலே மட்டும். தட்டினால் 'டங்' என்று கத்தும் தகடுகளுக்கு, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட். தகடு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, நடுவில் கால் பங்கு ஒட்டினாலே 'டங்' போய் 'தொப்' ஆகிவிடும். கடைசியாக, எண்ணெய் ஊறாதபடி மேலே தாள் போர்த்திய, தீப்பிடிக்காத வகை ஃபோம். புகைக்குழாய்ப் பக்கம் ஒரு துண்டுகூடக் கிடையாது.

காற்று உள்ளே வரும் திறப்பையும் வெளியேறும் திறப்பையும் அடைக்கக்கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டாயிற்றே. அதனால் உள்ளே வரும் திறப்பின் முன்னால் ஒரு வளைந்த தகரப் பாதை கட்டினேன், இரண்டு முறை செங்கோணமாகத் திரும்பும், உள்பக்கம் ஃபோம். காற்று வளைந்து உள்ளே போய்விடும், உயர்ந்த சுருதிச் சத்தம் நேராகப் போய்ச் சுவரில் முட்டிக் கரைந்துவிடும். பாதையின் எந்த இடத்திலும் பரப்பு பழைய திறப்பைவிடக் குறையக்கூடாது, நான் ஒன்றரை மடங்கு வைத்தேன். சூடான காற்று வெளியேறும் இடத்துக்கும் உள்ளே வரும் இடத்துக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு. ஒரு வெயில் நாளில் ஏசியை ஓடவிட்டு, பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் குந்தியிருந்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

புகைக்குழாயின் வாயில் இரண்டாவது சைலன்சர் ஒன்று சேர்த்தேன். இது எங்களுக்கு உதவியதைவிடப் பக்கத்தில் வண்டி போட்டவர்களுக்குத்தான் அதிகம் உதவியது. குழாயின் விட்டம் எங்கேயும் குறையக்கூடாது, குறைந்தால் புகை பின்னால் முட்டும், இயந்திரம் சூடாகும், சக்தி போகும். இங்கே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சத்தத்தைக் குறைக்கிறேன் என்று புகைக்குழாயின் வாயை வண்டிக்கு அடியில் மடக்கி விடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்பாக உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவருக்குத் தலைவலி வந்து எழுந்திருக்க வாய்ப்பே இல்லாமல் போகலாம். குழாயின் வாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும், பக்கத்தில் ஜன்னலோ காற்றுத் திறப்போ இருக்கக்கூடாது, அலாரம் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் ஆயுள் முடிந்துவிட்டதா என்று பின்பக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

பக்கத்து வண்டிக்காரர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. நமக்கு உள்ளே கேட்பதும் அவர்களுக்கு வெளியே கேட்பதும் வேறு வேறு சத்தம், மருந்தும் வேறு. மவுண்ட் மாற்றியது அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்களுக்குக் கேட்பது புகைக்குழாயும் விசிறியும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், அதனால் தயாரிப்பாளர் போடும் எண்ணைப் பார்க்கும்போது எத்தனை மீட்டரில் அளந்தது என்று பார்க்காமல் ஏமாறக்கூடாது. மூன்று மீட்டரில் அளந்ததற்கும் பதினைந்து மீட்டரில் அளந்ததற்கும் 14 டெசிபல் வித்தியாசம் வரும், இயந்திரம் அதேதான். அமெரிக்க தேசியப் பூங்காக்களின் விதியில்கூட 50 அடி தூரத்தில் 'ஏ' எடையில் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று தூரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்தும்போது புகைக்குழாய்ப் பக்கம் ஆளில்லாத திசையைப் பார்க்கட்டும், கல் சுவரைப் பார்த்து நிறுத்தினால் சத்தம் முட்டித் திரும்பி நமக்கே வரும். புல்தரை நல்லது, சிமென்ட் தரை மோசம். இதற்கு ஒரு காசு செலவில்லை.

ஓட்டுகிற நேரத்தையும் குறைத்தோம். முன்பெல்லாம் ஒரு விளக்குக்காகவும் போன் சார்ஜுக்காகவும் ராத்திரி முழுக்க 3000 சுற்றில் அதைக் கத்தவிட்டிருக்கிறேன். இப்போது சோலார் பேனலும் கொஞ்சம் பெரிய பேட்டரியும் இருக்கின்றன. ஜெனரேட்டரைக் கிளப்பினால் நல்ல சுமை கொடுத்துச் சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம், அதோடு சரி. ஏசி கம்ப்ரசருக்கு, அதை மெல்ல மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டியதில், அது கிளம்பும்போது ஜெனரேட்டர் மூச்சுத் திணறி உறுமுவது நின்றுவிட்டது. புதிதாக ஜெனரேட்டர் வாங்குகிறவராக இருந்தால் இன்வெர்ட்டர் வகையைப் பாருங்கள், சுமை குறைந்தால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனாலும் ரொம்பப் புழுக்கமான ராத்திரிகளில் ஏசி வேண்டியிருக்கிறது, ஜெனரேட்டர் ஓடத்தான் செய்கிறது. அப்போது கட்டிலில் மட்டும் ஒரு மெல்லிய 'ம்ம்' மிச்சம் இருந்தது. நடுவில் உட்காரும் இருக்கையில் வேறு மாதிரி இருக்கும், அங்கிருந்து கட்டில் பக்கம் ரெண்டு எட்டு வைத்தால் ஏறக்குறைய காணாமல் போகும், கட்டிலில் தலை வைத்தால் மறுபடி வரும். மவுண்டைச் சந்தேகப்பட்டேன், கிளாம்பைச் சந்தேகப்பட்டேன், காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

போன மாதம் ஒருநாள் நான் கைகால் கழுவிக்கொண்டு வந்தபோது, மனைவி கட்டிலில் தலைகீழாகப் படுத்திருந்தாள், கால் வைக்கும் பக்கம் தலையணை. "என்னங்க, இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்துப் பாருங்க." படுத்தேன். 'ம்ம்' இல்லை. எழுந்து பழைய பக்கம் படுத்தேன். இருக்கிறது.

டேப்பை எடுத்தேன். வண்டியின் உள்நீளம் 7 மீட்டர். அந்த நீளத்துக்குள் காற்று அடைபட்டு முன்னும் பின்னும் ஆடுவதற்குச் சொந்தமான வேகம், 343ஐப் போய்த் திரும்பும் தூரமான 14ஆல் வகுத்தால், 24.5 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 49. என் ஜெனரேட்டரின் வெடிப்பு 25, சுற்று 50. வண்டியே ஒரு புல்லாங்குழல் மாதிரி அந்தச் சுருதிக்குப் பொருந்தி நிற்கிறது. இப்படி அடைபட்ட ஒலி இரண்டு கடைசிச் சுவர்களை ஒட்டி உச்சத்தில் இருக்கும், எங்கள் தலையணையோ பின்சுவரை ஒட்டி. 50 ஹெர்ட்ஸ் செத்துப்போகும் இடம் சுவரிலிருந்து நீளத்தில் கால் பங்கு, அதாவது 1.75 மீட்டர். கட்டிலின் கால்மாட்டில் அவள் தலையணை போட்டிருந்த இடத்தை அளந்தேன். 1.7.

இதையெல்லாம் நான் வாயால் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "சரி சரி, அளந்தது போதும், லைட்டை அணைங்க" என்றாள்.